சனிக்கு ஒரு வளையம்

எங்கள் யு.கே.ஜி. வகுப்பில் அந்த வருசம் புலிக்குப் பஞ்சமே இல்லை. நாட்டில் புலி குறைந்துகொண்டே வருகிறது, நாம்தான் காப்பாற்ற வேண்டும் என்று தொண்டை கிழியப் பாடம் நடத்தி முடித்துவிட்டு, "ஆண்டு விழாவுக்கு யாரு யாரு என்ன விலங்கா வாரீங்க?" என்று கேட்டேன். ஏழு பேர் புலி. "இம்புட்டுப் புலி இருந்தா அது எப்படிக் கண்ணு அழியப்போற விலங்கு?" என்றேன். முன்வரிசைப் புலி ஒன்று எழுந்து, "மத்த புலியெல்லாம் நான் அடிச்சுருவேன் மிஸ், அப்ப ஒண்ணுதான இருக்கும்" என்றது. பாடம் புரிந்திருக்கிறது என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

நான் காளவாசலில் ஒரு சந்துக்குள் இருக்கும் சின்னப் பள்ளிக்கூடத்தில் மிஸ். கீழே டூவீலர் மெக்கானிக் கடை, மாடியில் நாங்கள். கீழே யாராவது ஆக்ஸிலேட்டரை முறுக்கினால், "ராக்கெட் கிளம்பிருச்சு, எல்லாரும் காதைப் பொத்துங்க" என்று சொல்லிச் சமாளிப்பேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும் என்று எங்கள் பெரிய மேடம், அதாவது பள்ளிக்கூடத்தின் சொந்தக்காரர், வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லி வைத்திருந்தார். பொய்யில்லை. ஆனால் பிள்ளைகளிடம் எனக்குக் கோபம் வராது. பெற்றவர்களைப் பார்த்தால்தான் வரும்.

எங்களுக்கு மாசத்துக்கு ஒரு தலைப்பு. ஒரு மாசம் பழங்கள், ஒரு மாசம் வண்டிகள், இப்படி. அந்த வருசம் மழைக்கு விட்ட லீவு, எலெக்சனுக்கு விட்ட லீவு எல்லாம் போக, அழிந்துவரும் விலங்குகளுக்கும் விண்வெளிக்கும் சேர்த்து ஒரே மாசம்தான் மிஞ்சியது. "ரெண்டையும் சேத்து நடத்திருங்க மிஸ், பிள்ளைங்க பிரிச்சுப் புரிஞ்சுக்கிருவாங்க" என்றார் பெரிய மேடம். அவருக்கென்ன, சொல்லிவிட்டு ஏசி ரூமுக்குப் போய்விட்டார்.

பிள்ளைகள் எங்கே பிரித்தார்கள்? காலையில் காண்டாமிருகம், மத்தியானம் நிலா என்று நடத்தினால் சாயங்காலத்துக்குள் இரண்டையும் பிசைந்து உருண்டையாக்கி விடுவார்கள். "நிலாவுல புலி இருக்கா மிஸ்?" என்று ஒருத்தி கேட்டாள். "இல்லம்மா" என்றேன். "அப்ப அங்கயும் அழிஞ்சு போச்சா?" என்று கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்க ஆரம்பித்தாள். இன்னொருத்தன் வீட்டுக்குப் போய், காண்டாமிருகத்தை எல்லாம் ராக்கெட்டில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள், அதனால்தான் இங்கே குறைந்துபோனது என்று சொல்லியிருக்கிறான். அவனுடைய அப்பா மறுநாள் படியேறி வந்து, "எந்த வருசம் மிஸ் அனுப்புனாங்க? நான் கேள்விப்படவே இல்லையே" என்று என்னிடமே கேட்டார். நல்ல மனுசர், சொந்தமாக மருந்துக்கடை வைத்திருக்கிறார்.

பிணந்தின்னிக் கழுகைப் பற்றிச் சொன்ன அன்றைக்கு இன்னும் கூத்து. அது செத்துக் கிடக்கிற மாட்டைத் தின்று ஊரைச் சுத்தமாக வைத்திருக்கும், மாட்டுக்கு வலிக்குப் போட்ட ஒரு மருந்து அதன் வயிற்றில் விஷமாகிக் கூட்டங்கூட்டமாகச் செத்துப்போனது என்று எளிமையாகத்தான் சொன்னேன். ஒரு பிள்ளை அந்த வாரம் காய்ச்சலுக்கு ஊசி போட மாட்டேன் என்று ஆஸ்பத்திரியில் அழுது புரண்டிருக்கிறது. ஏன் என்று கேட்ட டாக்டரிடம், "என்னையத் தின்னா கழுகு செத்துரும்" என்று காரணம் சொல்லியிருக்கிறது. அதன் அம்மா போன் போட்டு என்னை ஒரு பிடி பிடித்தார். நானும் ஒரு பிடி பிடித்தேன்.

விழாவில் கழுகாக வர யாரும் கை தூக்கவில்லை. கடைசியில் ஒரே ஒரு பையன் தூக்கினான். டவுனுக்குள்ளிருந்து வேனில் வருகிறவன். அவனுடைய அத்தா குடையும் பையும் விற்கிற கடை வைத்திருந்தார். பிணந்தின்னி என்றதும் மனுசர் என்ன நினைப்பாரோ என்று பயந்துகொண்டேதான் போன் செய்தேன். அவர் கேட்ட ஒரே கேள்வி, "றெக்கை எம்புட்டு நீளம் வேணும் மிஸ்? கறுப்புக் குடைத் துணி கடையில நெறையக் கெடக்கு" என்பதுதான். இன்ஷா அல்லாஹ் ஜமாய்ச்சுருவோம் என்று வைத்துவிட்டார். எல்லாப் பெற்றோரும் இப்படி இருந்திருந்தால் எனக்கு இந்த வயசில் தலை நரைத்திருக்காது.

இனிமேல்தான் விசயமே இருக்கிறது.

எங்கள் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து சத்தமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒண்ணுக்குப் போக வேண்டும் என்றாலும் என் சேலையைப் பிடித்துக் குனிய வைத்துக் காதுக்குள்தான் சொல்வாள். ஊஞ்சலில் அவள் முறை வந்தால் வேறு யாராவது ஏறிக்கொள்வார்கள். பார்த்துக்கொண்டே நிற்பாள். எனக்கு வயிறு எரியும். "எனக்குன்னு கேளுடி" என்று எத்தனையோ தடவை சொல்லியும் கேட்க மாட்டாள்.

கோள்களைப் பற்றிப் பாடம் நடத்தும்போது பெரிய படம் ஒன்றை மாட்டி, ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தேன். சனியைக் காட்டி, "இதைச் சுத்தி வளையம் இருக்கு பாருங்க. இம்புட்டுப் பெருசா இருந்தாலும் கனமே கெடையாது. அதைப் போடுற மாதிரி பெரிய தொட்டி இருந்தா தண்ணியில மிதக்கும்" என்றேன். "வைகையில மிதக்குமா மிஸ்?" என்றான் கழுகுப் பையன். "தண்ணி வந்தா மிதக்கும்" என்றேன். அப்போதுதான் பின்னால் ஒரு குரல் கேட்டது. "அது எனக்கு." யாரென்று திரும்பிப் பார்த்தால் அவள். எழுந்து நின்று, படத்தை நோக்கிக் கையை நீட்டி, கீழே மெக்கானிக் கடை வரைக்கும் கேட்கிற மாதிரி, "அது மட்டுந்தான் வளையல் போட்டுருக்கு. சனி எனக்கு" என்றாள்.

எனக்கு வந்த சந்தோசத்துக்கு அளவே இல்லை. அந்த நிமிசமே அவளுக்குத்தான் சனி என்று சொல்லிவிட்டேன். மற்ற கோள்களையும் பிரித்துக் கொடுத்து, சாயங்காலம் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். அம்புட்டுத்தான், தீ பிடித்துக்கொண்டது.

குரு எங்களுக்கு வேண்டும் என்று நாலைந்து பேர். போன பெயர்ச்சியிலிருந்தே எங்கள் வீட்டுக்குக் குரு பார்வை நன்றாக இருக்கிறது, அதைக் கெடுக்காதீர்கள் மிஸ் என்று ஒருத்தர். செவ்வாய் வேசம் கிடைத்த பெண்பிள்ளையின் அம்மா தனியாகப் போன் செய்தார். "செவ்வாயா மிஸ்? பொம்பளப் புள்ளைக்கா? நாளைக்கு நாலு எடத்துல ஜாதகம் குடுக்கணும்ல" என்றார். பிள்ளைக்கு அப்போதுதான் பால்பல் ஆட ஆரம்பித்திருந்தது. "ராகு கேதுவை எங்க விட்டீங்க?" என்று ஒருத்தர் கேட்டார். "பூமியை ஏன் சேத்தீங்க, அது நாம குடியிருக்கிறதுல்ல?" என்று இன்னொருத்தர் கேட்டார். போனைத் தூக்கி அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டுச் சோறு வடிக்கப் போனேன். சனி கிடைத்த பிள்ளையின் வீட்டிலிருந்து மட்டும் சத்தமே இல்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது.

மறுநாள் காலையில் அவளுடைய தாய்மாமன் நேராக வந்துவிட்டார். உசிலம்பட்டிக்காரர். கப்பலூரில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறார். ஆள் பார்க்க வாட்டசாட்டமாக இருந்தார், ஆனால் இடது கையில் மாவுக்கட்டு. பின்னால் அவருடைய தங்கச்சி, அதாவது பிள்ளையின் அம்மா, தலையைக் குனிந்துகொண்டு வந்தார்.

"மிஸ், தப்பா எடுத்துக்கிறாதீங்க. எனக்கு ஏழரை நடக்குது" என்றார்.

"எனக்கு எட்டே முக்கால் ஆச்சு சார், பிரேயர் ஆரம்பிக்கணும்" என்றேன். பெரிய மேடம் என் இடுப்பில் கிள்ளினார்.

அவர் சிரிக்கவில்லை. ஏழரைச் சனி பிடித்ததிலிருந்து பட்ட பாட்டை எல்லாம் சொன்னார். நல்லா ஓடிக்கொண்டிருந்த மிசின் திடீர் திடீரென்று நின்றுபோகிறது. பார்த்து முடிவு பண்ணிய பொண்ணு வீட்டில் கடைசி நேரத்தில் வேண்டாம் என்றுவிட்டார்கள். இப்போது கையும் ஒடிந்துவிட்டது. "சனிக்கிழமை தவறாம எள்ளு தீபம் போடுறேன் மிஸ். நவக்கிரகம் சுத்தும்போது கூட அவருக்கு நேரா நிக்க மாட்டேன். சாய்ஞ்சு நின்னு, கண்ணை மூடிக் கும்பிட்டுட்டு நகண்டுருவேன். அவரு பார்வை படக்கூடாதுன்னு இம்புட்டு ஒதுங்கி நடக்குறேன். நீங்க என்னடான்னா அவரையே வேசங்கட்டி எங்க வீட்டுக்குள்ள அனுப்புறீங்க."

"சனின்னு சொல்ல வேணாம் சார், சாட்டர்ன்னு இங்கிலீஷ்ல சொல்லிக்கிருவோம்" என்று பெரிய மேடம் நடுவில் புகுந்தார்.

"இங்கிலீசுல சொன்னா அவருக்குத் தெரியாதாக்கும்" என்றார் அவர்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "சார், அது எங்கயோ வானத்துல சுத்துது. அதுக்கு உங்களையும் தெரியாது, கப்பலூரையும் தெரியாது" என்றேன். அவர் முகம் சுண்டிப்போனது. அதற்கு மேல் என்னிடம் பேசவில்லை. தங்கச்சிதான் தயங்கித் தயங்கிச் சொன்னார். "எங்கண்ணே சொன்னா எங்க வீட்டுல மறுபேச்சு கெடையாது மிஸ். இவளுக்குக் காது குத்துனது அவரு மடியில வச்சுத்தான். முத வேசத்துக்கு அவருதான் துணி எடுத்துக் குடுக்கணும். அவரு வேணாம்னா நான் எப்படி?" பெரிய மேடம் உடனே, "மிஸ், பாப்பாவுக்குப் பூமியைக் குடுத்துருங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். பூமிக்கு ஜாதகத்தில் இடமே இல்லை பாருங்கள், யாருக்கும் ஆட்சேபணை இல்லை.

பூமி நல்ல கோள்தான். நீலமும் பச்சையுமாக அழகாக இருக்கும். அவளை மடியில் உட்கார வைத்து எடுத்துச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்து காதுக்குள் பேசுவதையும் நிறுத்திவிட்டாள். பூமிக்கு வண்ணம் அடிக்கச் சொல்லித் தாள் கொடுத்தால், அடித்து முடித்துவிட்டு அதைச் சுற்றி ஒரு வளையம் போட்டு வைப்பாள். புலிப் படம் கொடுத்தாலும் வளையம். காண்டாமிருகத்துக்கும் இடுப்பில் ஒரு வளையம். அவளுக்குத் தெரியாமல் பாத்ரூமுக்குள் போய் நான் அழுதுவிட்டு வந்தேன். முதல் தடவையாக வாயைத் திறந்து ஒன்றைக் கேட்ட பிள்ளை, அதையும் பிடுங்கிக்கொண்டோமே என்று மனசு ஆறவே இல்லை. அந்தத் தாய்மாமனை மனசுக்குள் வைத்து வறுத்து எடுத்தேன்.

வார லீவு முடிந்து திங்கட்கிழமை காலையில் அவள் அம்மா படியேறி வரும்போதே வாயெல்லாம் பல்லாக வந்தார். வராந்தாவில் நிறுத்தி வைத்தே கதையைச் சொன்னார்.

சனிக்கிழமை வழக்கம்போல அண்ணன் கோயிலுக்குக் கிளம்பியிருக்கிறார். பிள்ளை முகம் வாடிக் கிடக்கிறதே என்று அவளையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். தீபம் போட்டுவிட்டு நவக்கிரகத்தைச் சுற்றியிருக்கிறார்கள். மாமா கண்ணை மூடிச் சாய்ந்து நின்று கும்பிடுகிற நேரத்தில், இவள் கையை உருவிக்கொண்டு போய்ச் சனீஸ்வரனுக்கு நேருக்கு நேராக நின்றுவிட்டாள். "இங்கிட்டு வா, இங்கிட்டு வா" என்று மாமா கண்ணைத் திறக்காமலே காற்றில் துழாவியிருக்கிறார். இவள் சிலையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பிரகாரமே திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தமாக, "மாமா, சனியோட வளையலைக் காணோம்" என்றிருக்கிறாள்.

"களவு போயிருச்சுன்னு நெனச்சுப் பதறிப்போய்க் கண்ணைத் தொறந்துட்டாரு மிஸ். நேரா சனீஸ்வரன் மொகத்தையே பாத்துட்டாரு" என்றார் அம்மா, சிரிப்பை அடக்க முடியாமல். "இவ விடல. 'வளையல யாரோ எடுத்துட்டாங்க மாமா, அதான் உர்ருனு இருக்கு. நம்ம செஞ்சு குடுப்போமா'ன்னு கேட்டுருக்கா. கூட்டத்துல இருந்தவுக எல்லாம் சிரிச்சுட்டாங்களாம். எங்கண்ணே வீட்டுக்கு வந்து மோட்டுவளையைப் பாத்துக்கிட்டு உக்காந்துட்டாரு."

மறுநாள் அந்த அண்ணனே வந்தார். மாவுக்கட்டுப் போட்ட கையோடு, இன்னொரு கையில் பழைய பேப்பர் சுற்றிய பெரிய வட்டம் ஒன்று. பிரித்துக் காட்டினார். அலுமினியத் தகட்டில் வளையம். ஓரமெல்லாம் கையைக் கிழிக்காதபடி மழுங்கத் தேய்த்து, உள்பக்கம் ஸ்பான்ச் ஒட்டி, பிள்ளை தோளில் மாட்டிக்கொள்ள இரண்டு வார் வைத்திருந்தார். படத்தில் இருக்கிற மாதிரியே கோடு கோடாகக் கீறல் கூடப் போட்டிருந்தார்.

"நேராப் பாத்து ரெண்டு மூணு நாளாச்சு மிஸ். ஒண்ணும் ஆகல. மிசினு கூட ஓடிக்கிட்டுத்தான் இருக்கு" என்றார். கொஞ்ச நேரம் வளையத்தையே தடவிக்கொண்டிருந்தார். "இம்புட்டு வருசமா வெளக்குப் போடுறேன். அவரு மொகம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. இந்தச் சின்னக் கழுதை போய், பாவம் உர்ருனு இருக்குங்குது. எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு."

எனக்கும் என்னமோ மாதிரிதான் ஆகிவிட்டது. வறுத்து எடுத்த மனுசரைப் பார்த்து, "டீ சாப்பிடுறீங்களா சார்?" என்று கேட்டேன்.

"ஆனா ஒண்ணு மிஸ். விழா அன்னைக்கு அவ எனக்கு நேரா வந்து நிக்கக் கூடாது. ஏழரை இன்னும் முடியல பாருங்க. நான் பின்னாடி ஓரமாத் தூணு மறைவுல நின்னு பாத்துக்கிறேன்" என்றார். சரி என்றேன். போகிற போக்கில், றெக்கையை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கழுகுப் பையனைப் பார்த்து நின்றுவிட்டார். "அவருக்குக் காக்கா தான வாகனம். இவன் காக்காவுக்கு அண்ணன் மாதிரில இருக்கான்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

வளையத்தை மாட்டியதும் அவள் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். வளையம் பட்டுச் சாக்பீஸ் டப்பா, தண்ணீர் பாட்டில், ஒரு புலி எல்லாம் கீழே விழுந்தன. "சனி சூரியனை ஒருவாட்டி சுத்தி வர முப்பது வருசம் கிட்ட ஆகும். அதனால நீ மெதுவா நடக்கணும், நிக்கக் கூடாது, ரொம்ப மெதுவா" என்று சொல்லிக் கொடுத்தேன். அதை இவ்வளவு சீரியசாக எடுத்துக்கொள்வாள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

விழாவுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தைப் பிடித்திருந்தார்கள். மேடையில் எட்டுக் கோளும் சுற்ற இடம் பத்தாது. அதனால் கிட்டத்தில் இருக்கிற கோள்கள் மேடையில் சூரியனைச் சுற்றும், சனி, யுரேனஸ், நெப்டியூன் மூன்றும் படியிறங்கி, சனங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலிகளை எல்லாம் சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி மேடைக்கு ஏறும் என்று ஏற்பாடு. அந்த ஏற்பாட்டைச் செய்தது நான்தான்.

முதலில் விலங்குகள். புலிகள் மேடையேறியதும், மற்ற புலிகளை அடிப்பேன் என்று சொன்னவன் சொன்னபடியே அடிக்க ஆரம்பித்தான். மேடையில் இருந்த பாதிப் புலிகள் அழிந்தன, மீதிப் புலிகள் அம்மாவிடம் ஓடின. அடுத்துக் கழுகு. அவனுடைய அத்தா றெக்கைக்கு வெறும் துணியோடு விடாமல், பட்டனை அமுக்கினால் விரிகிற குடை இரண்டையே கம்பியோடு சேர்த்துத் தைத்திருந்தார். கழுத்துக்குக் கொடைக்கானலில் வாங்கிய கம்பளிப் பட்டை. பையன் நடுமேடையில் நின்று, "நான் ஊரைச் சுத்தம் செய்வேன், என்னைக் காப்பாற்றுங்கள்" என்று சொல்லிவிட்டுப் பட்டனை அமுக்கினான். படார் என்று இரண்டு றெக்கையும் விரிந்து, ஓரமாக நின்ற சூரியனின் கிரீடத்தைத் தட்டிவிட்டது. விரிந்த குடை திரும்ப மடங்கவில்லை. மேடையை விட்டு இறங்கவும் முடியவில்லை, றெக்கை படிக்கட்டு வழியை விட அகலம். கைதட்டல் அடங்க நேரமாகிவிட்டது, அவனுடைய அத்தா நாற்காலி மேல் ஏறி நின்று வீடியோ எடுத்தார்.

அப்புறம் கோள்கள். பாட்டுப் போட்டதும் யுரேனஸும் நெப்டியூனும் நான் சொல்லிக் கொடுத்ததை எல்லாம் மறந்து, யார் முதலில் வருவது என்று பந்தயம் கட்டி ஓடினார்கள். ஒரே மூச்சில் மண்டபத்தைச் சுற்றி முடித்து மேடையேறிவிட்டார்கள். சனி அப்போதுதான் கடைசிப் படியிலிருந்து தரைக்குக் கால் வைத்தாள்.

கருநீலப் பாவாடை சட்டை, மாமா எடுத்துக் கொடுத்தது. இடுப்பைச் சுற்றி அலுமினிய வளையம் பளபளவென்று. ஒரு அடி வைப்பாள், மூச்சு விடுவாள், அடுத்த அடி வைப்பாள். அவள் முதல் வரிசையை நெருங்கும்போதுதான் அந்தக் கூத்தைக் கவனித்தேன். உட்கார்ந்திருந்த பெரிய ஆட்கள் எல்லாம் ஒருத்தர் பின் ஒருத்தராக லேசாகச் சாய்ந்துகொண்டார்கள். நேராகப் பார்க்கக் கூடாதாம். ஒருத்தர் செருப்பைக் கழற்றினார். ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். குரு பார்வையைக் கெடுக்காதீர்கள் என்று எனக்கு மெசேஜ் அனுப்பியவர் பக்கவாட்டில் திரும்பி, முதுகுக்குப் பின்னால் போனை நீட்டி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். அவள் போகப் போக வரிசை வரிசையாகச் சனங்கள் சாய்ந்தார்கள், அவள் தாண்டியதும் நிமிர்ந்தார்கள். எனக்கு வந்த சிரிப்பில் மைக்கைக் கீழே வைத்துவிட்டேன்.

பாட்டு முடிந்துவிட்டது. திரும்பப் போட்டோம். அதுவும் முடிந்துவிட்டது. மேடையில் வியாழன் உட்கார்ந்து தூங்க ஆரம்பித்திருந்தது. சனி மண்டபத்தின் கடைசியில், தூண் பக்கமாக வந்துகொண்டிருந்தாள்.

தூணுக்குப் பின்னால் மாமா. சொன்ன மாதிரியே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, கடைக்கண்ணால் அவள் எங்கே வருகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நெருங்க நெருங்க, இவர் தூணைச் சுற்றி நகர்ந்தார். அவள் நின்றுவிட்டாள். நிற்கக் கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். மண்டபம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

"மாமா" என்றாள் சத்தமாக. "கால் வலிக்குது. தூக்கு."

பிள்ளை இத்தனை பேருக்கு முன்னால் வாய்திறந்து கேட்டுவிட்டாள். இப்போது போய் அந்த மனுசர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் இனி ஜென்மத்துக்கும் எதையும் கேட்க மாட்டாள். ஓடிப்போய் நானே தூக்கிவிடலாம் என்று படியில் இறங்கிவிட்டேன். இன்னும் இறங்க முடியாமல் படியோரமாக நின்ற கழுகுப் பையனின் றெக்கை என் கொண்டையில் மாட்டிக்கொண்டது.

அவர் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் மெதுவாகத் திரும்பினார். நேராக அவள் முகத்தைப் பார்த்தார். ஒற்றைக் கையால் அவளை அள்ளித் தூக்கி, தோள் மேல் உட்கார வைத்தார். வளையம் அவர் மண்டையில் ணங்கென்று இடித்தது. தலையைச் சாய்த்துக் குனிந்து, வளையத்துக்குக் கீழே தன் தலையை நுழைத்துக்கொண்டார். மேலே அவள் முகம், கீழே அவர் முகம், நடுவில் வளையம்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு வயசாளி பதறிப்போய் எழுந்து, "என்னப்பா தம்பி, தோள்லயே ஏறி உக்காந்துருச்சே" என்றார்.

"உக்காரட்டும்ணே" என்றார் மாமா. "வெயிட்டே இல்ல."

வைகையில் மிதக்கும் என்று நான் சொன்னது அவருக்குத் தெரியாது. நான் கொண்டையில் மாட்டிய குடைக்கம்பியோடு அங்கேயே நின்று அழுதேன். இந்தத் தடவை பாத்ரூமைத் தேடிப் போகவில்லை. அவள் வந்தபோது சாய்ந்துகொண்ட சனங்கள் எல்லாம் இப்போது திரும்பி உட்கார்ந்து நேராகவே பார்த்தார்கள். பாட்டை மூன்றாவது தடவை போட்டார்கள். சனி மாமா தோளில் உட்கார்ந்தபடியே மிச்சச் சுற்றை முடித்துக்கொண்டு மேடைக்கு வந்தது.

எல்லாம் முடிந்து சனங்கள் கிளம்பும்போதும் அவள் தோளை விட்டு இறங்கவில்லை. "இறக்கி விடுங்க சார், ஒத்தைக் கை, வலிக்கப் போகுது" என்றேன்.

"ஏழரை முடிய இன்னும் ரெண்டரை வருசம் கெடக்கு மிஸ்" என்றார். "அது வரைக்கும் இதுவே உக்காந்துக்கிறட்டும். அடுத்த வருசமும் சனியை வேற யாருக்கும் குடுத்துறாதீங்க."

"மிஸ்" என்று மேலே இருந்து அவள் சத்தமாகக் கூப்பிட்டாள். "மாமா வேகமா நடக்குது. நீங்க சொல்லுங்க."

"மெதுவாப் போங்க சார்" என்றேன். அவர் ஒரு அடி வைத்தார், மூச்சு விட்டார், அடுத்த அடி வைத்தார். அப்படியே வாசல் வரைக்கும் போனார்கள்.